'டைட்டில் மட்டும்தான் மிச்சம்' என்று கோல் எடுக்கும் உங்களுக்கு

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கிற இயக்குநர்களுக்கும், அவற்றைத் திரையிடுகிற விழாக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கோல் வரும். "தம்பி, படம் முடிஞ்சுது. டைட்டில் மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமை பின்னேரம் ஸ்கிரீனிங். உமக்கு இது ஒரு மணித்தியால வேலைதானே?" ஆள் மாறும், குரல் மாறும், வசனம் மாறாது. உங்களில் பாதிப் பேரை எனக்கு இந்த வசனத்தோடுதான் பழக்கம்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டோடு சேர்ந்த ஒரு அறைக்குள் இருந்து மோஷன் கிராபிக்ஸ், அதாவது திரையில் அசைகிற எழுத்தும் படமும், செய்கிறவன். பகலில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கனடாவிலிருந்து வரும் ஐம்பதாவது பிறந்தநாள் வீடியோ. தங்க எழுத்து, ரோசாப்பூ இதழ், மேலிருந்து கொட்டும் மினுக்கம். வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான், குறை சொல்லமாட்டேன். உங்கள் படங்கள் இரவு வேலை. அவற்றுக்குப் பெரிதாகக் காசு வாங்குவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். இப்போதும் நான் காசு கேட்கவில்லை, நாள் கேட்கிறேன். கதை எழுதி முடித்ததும், கமராவைத் தூக்கிக்கொண்டு போகுமுன், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் என்னோடு கதையுங்கள். நானில்லாவிட்டால் என்னைப்போல் இந்த வேலை செய்கிற வேறு யாரோடாவது.

முதலில் அந்த 'ஒரு மணித்தியாலத்துக்குள்' என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

உங்கள் படத்தின் பெயர் 'தோணி' என்று வைத்துக்கொள்வோம். இரண்டே எழுத்து. எழுத்து ஒவ்வொன்றாக வந்து நிற்கவேண்டும் என்கிறீர்கள். ஆங்கிலத்துக்கென்றால் ஒரு சொடுக்கில் முடியும். தமிழில் கணினி 'தோணி'யை நான்காக எண்ணுகிறது: த, அதன் ஓகாரக் குறி, ண, அதன் விசிறி. அப்படியே ஓடவிட்டால் முதலில் மொட்டைத் 'த' வந்து நிற்கும். அடுத்த கணம் அது வலப்பக்கம் துள்ளும், முன்னால் கொம்பும் பின்னால் அரவும் திடீரென்று முளைக்கும். (புத்தகத்தில் துணைக்கால் என்று இருக்கும். எங்களுக்கு வாத்தியார் சொல்லித்தந்தது அரவு.) பிறகு 'ண', பிறகு அதன் தலையில் விசிறி. பார்ப்பவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். எழுத்துகள் தனித்தனியே பறந்துவருகிற மாதிரிச் செய்யப்போனால் இன்னும் மோசம்: குறி மட்டும் தனியே வரும்போது, துணைக்கு எழுத்தில்லாத இடத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து குந்திக்கொள்ளும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் நாங்கள் எண்ணுவது ஆறு எழுத்து, கணினி எண்ணுவது பதினொன்று. குற்றெல்லாம் (மெய்யெழுத்தின் தலைப்புள்ளி) தனி ஆள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் எழுத்து அமைப்பைத் தெற்காசியாவுக்கு மாற்றிவைத்தால் கொம்பு ஒழுங்காக முன்னால் வந்து நிற்கும். அதோடு பாதிப் பிரச்சினைதான் தீரும். மிச்சத்துக்கு நான் செய்வது, சொல்லை வளைகோடாக (தட்டிய எழுத்தாக இல்லாமல் வரைந்த உருவமாக) மாற்றி, கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, கை எழுதுகிற வரிசையில் அடுக்குவது. கொம்பு முதலில், 'த' அடுத்தது, அரவு கடைசி. கை எப்படி எழுதுமோ அப்படியே திரையிலும் வந்தால்தான் கண் ஏற்றுக்கொள்ளும். 'தோணி'க்கு நான்கு, ஐந்து துண்டு. நீங்கள் வைக்கிற பெயர்கள் சில ஒரு முழுக் கவிதை வரி. அதற்கு முப்பது துண்டுக்கு மேல் போகும்.

அப்புறம் பெயர்ப் பட்டியல். அது வாட்ஸ்அப்பில் வரும், பெரும்பாலும் கொப்பித் தாளில் எழுதி எடுத்த போட்டோவாக. இல்லையென்றால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஒரு வேர்ட் கோப்பு. பாமினி இல்லாத இடத்தில் அதைத் திறந்தால் யாழ்ப்பாணம் என்று இருக்கவேண்டிய இடத்தில் ஏ, எச், ஓ, செமிகோலன், ஜீ, செமிகோலன், ஜீ, எச், இசட், கே, செமிகோலன் என்று நிற்கும். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்ததில் அதையும் நேரடியாக வாசிக்கப் பழகிவிட்டேன், அது வேறு கதை. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் மாற்றியதைச் சரிபார்ப்பது யார்? உங்கள் படத்துக்கு வீடு தந்த மாமாவின் பெயர் சிவகுமாரா, சிவக்குமாரா? இரவு ஒரு மணிக்கு யாரிடம் கேட்பது? சனிக்கிழமை அவர் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருப்பார். தன் பெயர் வருகிற இரண்டு செக்கனுக்காகத்தான் வந்திருப்பார். அதில் ஒரு 'க்' கூடிப்போனால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த படத்துக்கு வீடு கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் மேலே ஏறுகிற வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. "நாற்பது செக்கனுக்குள்ளை முடிச்சுவிடும் தம்பி" என்பீர்கள். திரையின் உயரம் 1080 புள்ளி (பிக்சல்), பட்டியலின் நீளம் 2400 என்றால் மொத்தம் 3480 புள்ளி ஏறவேண்டும். செக்கனுக்கு 25 பிரேம் (தனிப்படம்) படி நாற்பது செக்கனுக்கு 1000 பிரேம். ஆக ஒரு பிரேமுக்கு 3.48 புள்ளி. இந்த அரையும் காலும்தான் கண்ணை உறுத்துவது. எழுத்து ஒரு பிரேமில் திரையின் வரிசைக்குச் சரியாகப் பொருந்தும், அடுத்த பிரேமில் இரண்டு வரிசைக்கு நடுவில் விழுந்து மங்கும். ட, ப, ம, ய என்று எங்கள் எழுத்துகளில் பாதி தரையில் ஒரு படுக்கைக்கோடு போட்டுக்கொண்டு நிற்பவை. மேலே ஏறும்போது முதலில் நடுங்குவது அந்தக் கோடுதான். பிரேமுக்குச் சரியாக மூன்று புள்ளி என்று வைத்தால் 46.4 செக்கன் எடுக்கும், நான்கு என்றால் 34.8. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், நாற்பது வேண்டாம். இதை முன்கூட்டியே கதைத்திருந்தால் கடைசிப் பாட்டை ஆறு செக்கன் நீட்டச் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை இரவு பாட்டுக்காரர் கோலுக்கு அகப்படமாட்டார்.

சரி, என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குறும்படம். எழுபதுகளின் தொடக்கத்தில் நடக்கிற கதை, வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு குடும்பம். ஒரு காட்சியில் தகப்பன் பேப்பர் வாசிப்பார். 1974 என்று திகதி போட்ட அந்தப் பேப்பரை நான்தான் செய்தேன், வழக்கம்போல இரண்டு இரவில். தாளைத் தேத்தண்ணிச் சாயத்தில் தோய்த்து, மடிப்பெல்லாம் வைத்து, அச்சு மை கொஞ்சம் பரவினமாதிரி ஓரத்தைக் கலைத்து, எனக்கே பெருமையாக இருந்தது. தலைப்பு: 'வெங்காய விலை உயர்வு'. திரையிடல் முடிந்து வெளியே வந்தபோது வேட்டி கட்டிய ஒரு ஐயா என்னைத் தேடிவந்தார்.

"பேப்பர் செய்தது நீரோ? நல்லாயிருக்கு தம்பி. ஆனா அந்தக் காலத்து 'லை' இப்பிடியே இருக்கும்? தும்பிக்கை எங்கை?"

எனக்கு முகம் செத்துப்போனது. லை, னை, ணை, ளை நான்கையும் முன்பு எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழியோடு எழுதுவார்கள். தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்தைச் சீர்திருத்தியபோதுதான் மற்ற எழுத்துகளைப்போல முன்னால் இரட்டைச் சுழி போடும் முறைக்கு அவை வந்தன. இங்கே அந்த மாற்றம் பையப்பையத்தான் வந்து சேர்ந்தது. என் 1974 ஆம் ஆண்டுப் பேப்பரில் பிறகு வந்த 'லை' அச்சாகியிருந்தது. தகப்பனாக நடித்தவரின் நடிப்பு, அந்தத் தோட்டம், அந்தத் துலா எல்லாம் எழுபதுகளில் இருந்தன. என் எழுத்து மட்டும் எங்கோ இருந்தது. ஐயா முப்பது வருடத்துக்கு மேல் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவராம். படப்பிடிப்புக்கு ஒரு கிழமை முன்னால் அவரைப்போல ஒருவரைத் தேடிப்போயிருந்தால் பத்து நிமிட வேலை. ஊருக்குள் அப்படி ஆட்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த ஊர், வண்ணார்பண்ணையில் நாவலர் அச்சுக்கூடம் வைத்து நடத்திய ஊர் இது.

இதற்கு நேர் எதிராக ஒரு படம். இயக்குநர் ஒரு தங்கச்சி. கதையின் முதல் பிரதியை எழுதியதுமே என்னிடம் தந்தார். கடற்கரைக் கதை. "டைட்டில் என்னமாதிரி வேணும் எண்டு தெரியேல்லை அண்ணா, ஆனா கொம்பியூட்டர் எழுத்துமாதிரி இருக்கக்கூடாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசையூர்க் கரைக்குப் போனோம். வள்ளங்களில் எழுதியிருக்கிற பெயர்களை மட்டும் போனில் எடுத்துக்கொண்டு வந்தோம். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. முதல் எழுத்து நல்ல தாராளம், கொம்பு என்றால் எழுத்தைவிடப் பெரிய கொம்பு. போகப்போக இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் ஒடுங்கி, பக்கவாட்டில் நெருங்கிக்கொண்டு நிற்கும். பெயின்ட் பூசியவருக்கு அளவுகோலும் இல்லை, அழித்து எழுத வழியும் இல்லை. பலகை முடிகிற இடத்தில் பெயரும் முடிந்தாகவேண்டும்.

அதையே டைட்டிலாக வைத்தோம். நான் தூரிகை வாங்கி, தாளில் கறுப்பு மையால் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஏழு செக்கன் டைட்டில், செக்கனுக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேம் நிற்கவிட்டால் செக்கனுக்குப் பன்னிரண்டு படம், மொத்தம் 84. ஒவ்வொன்றும் கையால். எழுதி முடிந்து நிற்கிற எழுத்தையும் சும்மா விடவில்லை. ஒரே பெயரை மூன்று தடவை எழுதி மாறிமாறி ஓடவிட்டால் எழுத்து மெல்ல அசைந்துகொண்டிருக்கும், தண்ணீரில் கட்டிப்போட்ட வள்ளம்போல. கடைசி எழுத்து ஒடுங்கி வந்து நின்றபோது சபையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. கரையில் வளர்ந்த ஆளாக இருக்கவேண்டும்.

செலவு: தூரிகை, மை, இரண்டு கட்டுத் தாள். நாள்: பதினெட்டு. அந்தப் பதினெட்டு நாளைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

"எங்களிட்டை அந்தளவு வசதி இல்லைத் தம்பி" என்ற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் போனபோது மாதாமாதம் டொலரில் கட்டுகிற மென்பொருள்களை நானும் விட்டேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ரெண்டர் (செய்ததைக் கணினி வீடியோவாக்குகிற வேலை) போட்டுவிட்டுப் படுத்தால் விடிய எழும்பிப் பார்க்கும்போது பாதியில் செத்திருக்கும். அந்த நேரம்தான் காசில்லாமல் கிடைக்கிற பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் படித்தேன். 2025 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வாங்கிய 'ஃப்ளோ' அதே பிளெண்டரில் செய்த படம்தான். இயக்கிய கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் லாத்வியாக்காரர், அந்த நாட்டுச் சனத்தொகை இருபது லட்சத்துக்கும் கீழே. அவர் அதற்கு முன் எடுத்த படத்தை முழுக்கத் தனி ஆளாகவே செய்து முடித்தார். 'ஃப்ளோ'வுக்கு ஆன 35 லட்சம் யூரோ எங்களுக்குக் கனவுதான், மறுக்கவில்லை. ஆனால் கருவி ஒன்றுதான். அவர் வைத்திருந்ததை நாங்களும் இன்றிரவே இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பிளெண்டரில் தமிழை நேரே தட்டாதீர்கள், கொம்பும் குற்றும் இடம் மாறிப்போகும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, வளைகோடாக்கி, எஸ்விஜிக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். அதுவும் இலவசம். எழுத்துருவும் அப்படித்தான். கவிவனார், பவனம் இரண்டையும் வடிவமைத்த தாரிக் அஸீஸ் இலங்கைக்காரர், கூகுள் ஃபொண்ட்ஸில் சும்மா கிடைக்கின்றன. எல்லாப் படத்துக்கும் ஒரே தடித்த எழுத்தைப் போட்டு, அதன்மேல் விரிசல் விட்ட சீமெந்துத் தோற்றம் ஒன்றைப் பூசவேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை.

ஏஐயில் செய்து அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு இதுவரை வந்தவற்றில் 'ழ' வுக்கு இரண்டு வால் இருந்தது, தமிழிலேயே இல்லாத ஒரு எழுத்து நடுவில் நின்றது. 'இதைக் கொஞ்சம் திருத்தித் தாரும்' என்பது புதிதாகச் செய்வதைவிடப் பெரிய வேலை. அனுப்பாதீர்கள்.

இனி விழாக் குழுக்களுக்கு.

1955 இல் 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' என்ற படம் வந்தது. அதன் டைட்டிலைச் செய்தவர் சோல் பாஸ். கறுப்பில் வெள்ளைக் கோடுகள் வந்துவந்து கடைசியில் முறுகிய ஒரு கையாக மாறும். அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர்களில் பெயர் ஓடி முடியும்வரை திரைச்சீலையை விலக்கமாட்டார்களாம், சனமும் அந்த நேரத்தில்தான் சோளப்பொரி வாங்கும். அதனால் அந்தப் படத்தின் சுருள் பெட்டிகளில், தியேட்டரில் படம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு ஒட்டி அனுப்பினார்கள்: டைட்டில் தொடங்குமுன் சீலையை விலக்கவும். எழுபது வருடமாகிறது. எங்கள் மண்டபங்களில் சீலை இல்லை, சுவிட்ச் இருக்கிறது. கடைசிக் காட்சி கறுப்பாகி முதல் பெயர் மேலே வரத் தொடங்கும்போது யாரோ ஒருவர் ஓடிப்போய் எல்லா லைட்டையும் போடுவார். மைக்கில் 'அடுத்ததாக' என்று தொடங்கும். திரையில் வெளிறிப்போன எழுத்துகள் யாரும் பார்க்காமல் ஏறிக்கொண்டிருக்கும். வீடு தந்த மாமா தன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த 46.4 செக்கன் லைட்டைப் போடாமல் இருங்கள். மைக்கைப் பிடித்திருப்பவரையும் கொஞ்சம் இழுத்துப்பிடியுங்கள்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களையும் பார்த்திருக்கிறேன். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை என்று வரிசையாக இருக்கும். டைட்டில், கிராபிக்ஸ் என்று ஒரு கோடு போடுங்கள். பரிசு கேட்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதுகளில் டைட்டில் வடிவமைப்புக்கென்று தனிப் பரிசே உண்டு. 2022 இல் அதை வாங்கிய 'செவரன்ஸ்' தொடரின் டைட்டிலைச் செய்த ஒலிவர் லாட்டா, தன் பாட்டில் இன்ஸ்டகிராமில் விசித்திரமான துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தவர். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். இங்கே கூப்பிட நினைக்கிற இயக்குநருக்கு யார் செய்தது என்றே தெரியாது, படிவத்தில் இடம் இல்லாததால் உங்கள் கையேட்டிலும் பெயர் வராது. ஒரு விழாவில் நான் செய்த டைட்டிலை அறிவிப்பாளர் மேடையில் புகழ்ந்து, 'இதற்காகப் படத்தொகுப்பாளரைப் பாராட்டவேண்டும்' என்றார். படத்தொகுப்பாளர் என் நண்பன். எழும்பி நின்று கும்பிட்டான், படுபாவி.

இயக்குநர்களே, கடைசியாகச் சில நடைமுறைகள். பெயர்ப் பட்டியலை யூனிகோடில் தாருங்கள். ஒவ்வொருவரிடமும் 'உங்கடை பெயரை நீங்களே தட்டி அனுப்புங்கோ' என்று கேட்டு வாங்குங்கள், அரைநாள் வேலை. கதை எந்த வருடத்தில் நடக்கிறது, பலகை, பேப்பர், கடிதம், பஸ்ஸின் நெற்றி என்று எங்கெல்லாம் எழுத்து தெரியும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். படப்பிடிப்புத் தளத்தில் டைட்டிலுக்கென்று அசையாத ஒரு ஷொட், பத்து செக்கன், எடுத்துவையுங்கள். ஆட்டுகிற ஷொட்டின்மேல் எழுத்தை ஒட்டவைக்க நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை இரவு கோல் எடுத்தாலும் நான் எடுப்பேன், அந்தப் பலவீனம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கிடைப்பது கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். அசையாது.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து ஒரு மோஷன் கிராபிக்ஸ்காரன்

பி.கு.: அந்த 1974 பேப்பரைத் திரும்பச் செய்துவிட்டேன். 'லை'க்குத் தும்பிக்கையைக் கையால்தான் வரைந்தேன். படத்தில் மாற்ற இயக்குநருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஐயாவுக்குப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "திகதிக்குக் கீழை இருக்கிற கோடு கொஞ்சம் மொத்தம்" என்றார்.